பனியன் கம்பெனிக்கு ஒரே ஆர்டர் ஷீட்

மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) லேப்டாப்பில் ஒரு கணக்கு, கட்டிங் மாஸ்டர் போனில் வேறொன்று என்றால் திருப்பூரில் துணிதான் வீணாகும். கூகுள் ஷீட்டில் ஒரே ஃபைல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க் மட்டும் அனுப்புங்கள், எக்ஸெல் காப்பி வேண்டாம்.

அதிகம் சொதப்புவது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. வெறுமனே 180 என்று போட்டால் நிட்டிங்காரர் அதை கிரே துணிக்கு (சாயம் போடாத துணி) எடுத்துக்கொள்வார். சாயம், காம்பாக்டிங் (துணியை நெருக்கிச் சுருக்குவது) முடிந்து துணி சுருங்கினால் ஜிஎஸ்எம் ஏறிவிடும். 'கிரே ஜிஎஸ்எம்', 'ஃபினிஷ்டு ஜிஎஸ்எம்' எனத் தனித்தனி காலம் (நெடுவரிசை) போடுங்கள்.

கலரை டைப் செய்ய விடாதீர்கள். டேட்டா வேலிடேஷனில் டிராப்டவுன், பக்கத்தில் லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துண்டு) நம்பர். 'நேவி', 'நேவி ப்ளூ' இரண்டும் ஃபில்டருக்கு வேறு வேறு கலர்.

03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க பையருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் போடுங்கள்.

அளவு காலங்களை புரொடெக்ட் செய்து ஒருவரிடம் மட்டும் கொடுங்கள், முதலாளியானாலும் கமெண்ட்தான்.