உரக்கிடங்குக்குப் போகிற குப்பையை வீட்டிலேயே உரமாக்குவது எப்படி?

கும்பகோணத்துக் குப்பை கரிக்குளம் கிடங்குக்குப் போகிறது, தஞ்சாவூர்க் குப்பை ஜெபமாலைபுரத்துக்கு. ஊர்க்காரர்கள் நாம் இன்றைக்கும் அதை 'உரக்கிடங்கு' என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. நகராட்சிகள் ஊர்க் குப்பையை மக்க வைத்து உரமாக விற்ற காலம் உண்டு. அப்போது குப்பை என்றால் இலை, சாணி, சாம்பல், காய்கறித் தோல். பிளாஸ்டிக் கலந்த பிறகுதான் அது வயலுக்கு ஆகாத மேடாகிப்போனது. காற்றுப் புகாமல் உள்ளே அழுகும் குப்பையிலிருந்து மீத்தேன் வருகிறது. கோடையில் கிடங்கு பற்றினால் சீக்கிரம் அணையாததற்கு அதுவும் ஒரு காரணம்.

உள்ளாட்சிகள் தங்களால் ஆனதைச் செய்கின்றன. வீடு வீடாக வண்டி வருகிறது, நுண் உர மையங்களில் தொட்டி கட்டி மக்க வைக்கிறார்கள், பழைய மேட்டைத் தோண்டிச் சலித்து மண் வேறு பிளாஸ்டிக் வேறாக எடுக்கிறார்கள். ஆனால் இது அத்தனையும் நம் அடுப்படியில் ஒரு காரியம் நடந்தால்தான் பலிக்கும். ஈரம் தனியாக, உலர்ந்தது தனியாக இருக்க வேண்டும். அதை எப்படித் தொடங்குவது என்று சொல்கிறேன்.

முதல் நாள்: மூன்று இடம்

பெரிதாக எதுவும் வாங்க வேண்டாம். மூடி போட்ட ஒரு வாளி, ஒரு சாக்கு, ஒரு அட்டைப்பெட்டி போதும்.

வாளியில் மக்கும் குப்பை: காய்கறித் தோல், மீந்த சோறு, காபிச் சக்கை, டீத்தூள், வாடிய பூ, வாழை இலை. வாளிக்குள் பிளாஸ்டிக் கவர் விரிக்காதீர்கள். அடியில் பழைய பேப்பர் போடுங்கள். சாக்கில் உலர்ந்த குப்பை: பால் கவர், பாட்டில், அட்டை, தகரம், கண்ணாடி. பெட்டியில் சானிட்டரி நாப்கின், டயப்பர், பிளேடு, ஊசி, காலாவதியான மாத்திரை, பேட்டரி, டியூப்லைட். குப்பையைத் தனித்தனியாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன.

பெட்டியை அலட்சியமாக விடாதீர்கள். எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் ஒருநாள் நின்று பேசினேன். "கொட்டிட்டுக் கையாலதான் தம்பி பிரிக்கிறோம். பிளேடு கெடந்தா கண்ணுக்கா தெரியும்?" என்று விரலைக் காட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆறிய வெட்டு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிளேடும் ஊசியும் பழைய பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போய், மூடி டேப் ஒட்டித்தான் வெளியே போகின்றன. நாப்கினைப் பேப்பரில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். எடுப்பவருக்குப் பிரிக்காமலே தெரிந்துவிடும்.

உலர்ந்தது உலர்ந்ததாகவே இருக்கட்டும்

சாம்பார் ஒட்டின கவரைப் பழைய பேப்பர் கடைக்காரரும் எடுக்க மாட்டார், நகராட்சியும் ஒன்றும் செய்ய முடியாது. பால் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது மூலையை முழுதாகத் துண்டிக்காமல், ஒரு ஓரம் கவரோடு ஒட்டியிருக்கிற மாதிரி வெட்டுங்கள். துண்டாகிப் போன அந்தச் சின்ன முக்கோணத்தை யாரும் பொறுக்க முடியாது. சாக்கடை வழியாக நேரே வாய்க்காலுக்குப் போகும். பாலை ஊற்றியதும் கவரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, கொடியில் கிளிப் போட்டுக் காயவிடுங்கள். மாதக் கடைசியில் நல்ல கட்டுச் சேரும்.

ஜவுளிக்கடையில் தருகிற, துணி மாதிரி இருக்கும் நான்-ஓவன் பையும் பிளாஸ்டிக்தான். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பட்டியலில் அதுவும் உண்டு. மக்கும் வாளியில் போட்டுவிடாதீர்கள்.

வாய்க்கால் பக்கம் வீடு இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், அடுத்த சில நாளில் கல்லணை தாண்டி நம் ஊருக்குத் தண்ணீர் வரும். அந்த முதல் தண்ணீரின் முகப்பில் பாருங்கள், நுரையோடு பாட்டிலும் கவரும் மிதந்து வந்து மதகில் அடைத்துக்கொள்ளும். கடைமடை வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராவிட்டால் அதில் நம் கவருக்கும் பங்கு இருக்கிறது.

தொட்டி வைப்பது

வாளியை அப்படியே வண்டியில் கொடுத்தாலும் சரிதான், நுண் உர மையத்துக்குப் போகும். இடம் இருந்தால் வீட்டிலேயே மக்க வையுங்கள். ஒரு வாரம் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: நாலு பேர் இருக்கும் எங்கள் வீட்டில் நாளுக்கு முக்கால் கிலோ ஈரக் குப்பை. அது வாசலைத் தாண்டுவதே இல்லை இப்போது.

20 லிட்டர் பெயின்ட் வாளி குறைந்தது இரண்டு வேண்டும். சுற்றிலும் மூன்று வரிசையாகவும் அடியிலும் துளை போடுங்கள். அடியில் இரண்டு அங்குலத்துக்குத் தேங்காய் நார். ஒரு கை பசுஞ்சாணத்தைக் கரைத்துத் தெளியுங்கள். கிடைக்காவிட்டால் புளித்த மோர்.

இனி தினமும் ஒரு கிண்ணம் ஈரக் குப்பைக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிண்ணம் காய்ந்தது போட வேண்டும். நமக்கு இதில் பஞ்சமே இல்லை. வேப்பஞ்சருகு, நறுக்கிய வைக்கோல், நெல் தூற்றும்போது விழும் கருக்கா, எல்லாம் நல்லது. உமி மட்டும் அளவாக இருக்கட்டும். காற்றோட்டம் கொடுக்கும், ஆனால் அதிலிருக்கும் சிலிக்காவால் மக்க வெகுநாள் பிடிக்கும்.

வாழை இலையை விரல் அகலத்துக்குக் கிழித்துப் போடுங்கள். முழு இலை பாய் விரித்தது போலப் படிந்து காற்றை அடைத்துவிடும். கொட்டாங்கச்சியும் எலும்பும் வேண்டாம்.

முதல் தொட்டியை நான் கெடுத்துவிட்டேன். விருந்து முடிந்து மீந்த சாம்பார் சாதத்தை மொத்தமாகக் கொட்டி, மேலே ஒரு கை சருகு போட்டேன். நாலாம் நாள் நாற்றம், புழு. அப்படி ஆனால் பயந்து தூக்கி எறியாதீர்கள். சாக்கில் கொட்டி நிழலில் அரை நாள் ஆறவிட்டு, அதே அளவு சருகு கலந்து திரும்பப் போடுங்கள். நாற்றம் அடங்கிவிடும். குழம்பு, ரசத்தை வடித்துவிட்டுத்தான் போட வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு கை அள்ளிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு, உதிர்ந்தால் தண்ணீர்.

சரியாக அமைந்தால் ஒரு வாரத்துக்குள் நடுவில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். வாளி நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததில் தொடங்குங்கள். 45 முதல் 60 நாளில் கறுத்து, மழை பெய்த மண் வாசனை வரும்.

ஐப்பசி, கார்த்திகையில்தான் சோதனை. காற்றே ஈரமாக இருக்கும், சருகும் கிடைக்காது. மாசி, பங்குனியில் உதிர்வதை எரிக்காமல் இரண்டு சாக்கு கட்டிப் பரணில் வைத்துக்கொள்ளுங்கள். வாளி தாழ்வாரத்தில், செங்கல் மேல் இருக்கட்டும்.

உரம் ஆனதும் நிழலில் இரண்டு நாள் உலர்த்திச் சலியுங்கள். செம்பருத்திக்கும் கத்தரிக்கும் தொட்டிக்கு இரண்டு கை போதும். சல்லடையில் தங்கும் கட்டியை வீசாதீர்கள். அடுத்த வாளியின் அடியில் போடுங்கள், பாலுக்கு உறை மோர் மாதிரி. அப்புறம் சாணம் தேட வேண்டியதில்லை.