இதயம் பலவீனமான பெற்றோரைப் பார்க்க யாழ்ப்பாணம் போகிறீர்களா?

"எக்கோவில் 35 வீதமாம்" என்று இதய ஸ்கான் முடிவைத் தொலைபேசியில் கேட்டதும், இதயத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று பலர் கலங்கிப்போகிறார்கள். அப்படியில்லை. இடது கீழறையில் நிறைந்த இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்பதே அந்தக் கணக்கு. நல்ல இதயமே 50 முதல் 70 வீதம்தான் தள்ளும். 40-உம் அதற்குக் கீழும் குறைவு. மருந்துகளை ஒழுங்காக எடுத்தால் பலருக்கு இந்த எண் ஏறுவதும் உண்டு.

உங்கள் வருகையே அவர்களுக்குச் சோதனையாகிவிடக் கூடாது. பிள்ளை வந்திருக்கிறது என்று கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாம் ஒரே வாரத்தில் மேசைக்கு வரும். உப்பு உடம்பில் நீரைத் தேக்கிவிடும். உப்புக் குறைந்த கறியை நீங்களும் சாப்பிடுங்கள்; அம்மா தனக்கென்று வேறாகச் சமைக்க மாட்டார்.

அதைவிட எனக்குப் பயம், நல்லூருக்கோ கீரிமலைக்கோ வான் வண்டியில் புறப்படும் நாள்தான். வழியில் சிறுநீர் கழிக்க இடமிராது என்று உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் பியூரோசமைட் குளிசையை விட்டுவிடுவார்கள். வெட்கத்தில் சொல்லவும் மாட்டார்கள். அன்று வீடு திரும்பியபின் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் முன்னரே கேட்டுவையுங்கள்.

சாக்லேட்டைக் குறைத்து, நிறை பார்க்கும் தராசு ஒன்று கொண்டுபோங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். கால் வீங்கினாலும், படுக்க இன்னொரு தலையணை தேவைப்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்கென்று ஐபுபுரோஃபென் கொண்டுபோகவே வேண்டாம். அது நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். லொசாட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற இதய மருந்துகள் எடுப்பவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் கூடலாம் என்பதால், தினமும் இளநீர் கொடுப்பதையும் கேட்டுச் செய்யுங்கள்.

ஒரு கிளினிக் நாளில் கூடவே போய் உட்காருங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் காத்திருக்க நேரிடும், பரவாயில்லை. கிளினிக் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாரிடமும் காட்டுவதென்றால் அந்தக் கொப்பி கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வீட்டுக்கு வந்துவிடும்.

இரவில் மூச்சு முட்டினால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, 1990-ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம். இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்கு அருகில் ஒட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்.