பந்தை விடுங்கள், ஏழாம் எண்ணைப் பாருங்கள்

2015 நவம்பர் 19 அன்று நியூசிலாந்து ரக்பி கேப்டன் ரிச்சி மெக்கா ஓய்வை அறிவித்தார். அப்போது விளையாட்டுப் பக்கத்துக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்குப் பிழைப்பு முழுக்க கிரிக்கெட்தான். ராத்திரிக்குள் அவரைப் பற்றி அரைப் பக்கம் வேண்டும் என்றார்கள், கொடுத்துவிட்டேன். 148 டெஸ்ட் (ரக்பியில் நாடுகளுக்கிடையிலான ஆட்டத்துக்கும் அதே பேர்), அதில் 110இல் கேப்டன், 131 வெற்றி, அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பை. ஒரு எண் தப்பில்லை. மறுநாள், ரக்பி ஆடிப் பழகிய தம்பி ஒருவன் கூப்பிட்டான். "அண்ணே, கணக்கெல்லாம் பிரமாதம். ஆளைத்தான் காணோம்."

அந்த வெட்கத்தில் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். ஓய்வுபெற்ற ஒரு ரக்பி கேப்டனைப் பற்றி எழுதவோ, சும்மா தெரிந்துகொள்ளவோ விரும்புகிறவர்களுக்கு நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். மெக்காவை வைத்தே சொன்னால் புரிய எளிது.

முதலில் கண்ணைப் பழக்க வேண்டும். நம் கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடும். அதை விட்டுவிட்டு ஏழாம் எண் ஜெர்சியைப் பிடியுங்கள். அதைப் போட்டிருப்பவர்தான் மெக்கா, ஓபன்சைட் ஃப்ளாங்கர். பந்தோடு ஓடுகிறவர் விழுத்தப்பட்டதும் அந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்து பந்தைப் பறிப்பது ஓபன்சைட் ஃப்ளாங்கரின் வேலை. அதற்கான விதி நுணுக்கமானது. விழுத்தியவர் உடனே பிடியை விட்டு விலக வேண்டும். பிறகு வருகிறவர் காலில் நின்றபடி, தன் அணியின் பக்கத்திலிருந்து வந்து கை வைக்கலாம். இரு அணிக்காரர்களும் பந்துக்கு மேல் முட்டிக்கொண்டு 'ரக்' உருவாகிவிட்டால் புதிதாக யாரும் கை வைக்கக் கூடாது. இடையில் கிடைப்பது கண்சிமிட்டும் நேரம். மெக்காவின் வாழ்க்கையே அந்த நேரத்துக்குள் நடந்தது என்று சொல்லலாம்.

ஒரு ஆட்டத்தில் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், போதும். யாராவது விழும்போதெல்லாம் காணொளியை நிறுத்தி மூன்று கேள்விகள் கேளுங்கள். அவர் காலில் நிற்கிறாரா? எந்தப் பக்கமிருந்து வந்தார்? கை வைத்தாரா, வேண்டாமென்று விட்டாரா? மூன்றாவதை நான் முதலில் கவனிக்கவே இல்லை. கிடைக்காத பந்துக்கு அலையாமல், அடுத்த இடத்துக்கு எழுந்து ஓடிவிடுவார். எதிரணி ரசிகர்கள் அவரை ஏமாற்றுக்காரர் என்றார்கள், சொந்த ரசிகர்கள் விதியை அவரளவு அறிந்தவர் இல்லை என்றார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் உண்மை. அன்றைய நடுவர் எதுவரை விடுவார் என்று பார்த்து, அந்த விளிம்பிலேயே நின்று ஆடியவர் அவர்.

அப்புறம், சத்தத்தைக் கூட்டுங்கள். ரக்பியில் நடுவர் சட்டையில் மைக் இருக்கும். அவரிடம் பேசும் உரிமை வழக்கமாகக் கேப்டனுக்குத்தான். கிரிக்கெட் கேப்டனைப் போல ஃபீல்டிங் மாற்றுவது, பந்துவீச்சாளரை மாற்றுவது எதுவும் இங்கே கிடையாது. பெனால்டி கிடைத்ததும் கோல் கம்பத்துக்கு உதைத்து 3 புள்ளி எடுப்பதா, வெளியே உதைத்து லைன் அவுட்டுக்கு (கோட்டிலிருந்து எறியும் பந்துக்கு இரு அணியும் வரிசையாக நின்று தாவுவது) போவதா, ஸ்க்ரம் (இரு அணியும் கோத்துக்கொண்டு தள்ளுவது) கேட்பதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்வதற்கு முன் நிறுத்திவிட்டு நீங்களே முடிவெடுத்துப் பாருங்கள். நான் பாதிக்கு மேல் தோற்றேன்.

ஆட்டங்களை எந்த வரிசையில் பார்ப்பது? கோப்பையோடு நிற்கும் படத்தில் தொடங்காதீர்கள். 2007 அக்டோபர் 6, கார்டிஃப், உலகக் கோப்பைக் காலிறுதி. இடைவேளையில் 13-3 என்று முன்னிலையில் இருந்த நியூசிலாந்து, பிரான்ஸிடம் 18-20 என்று தோற்றது. பிரான்ஸின் கடைசி ட்ரைக்கு (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) முந்தைய பாஸ் முன்னோக்கிப் போனது, ரக்பியில் அது தப்பு, நடுவர் கவனிக்கவில்லை. சரி, அதை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகான பத்து நிமிடத்தைத்தான் இரண்டு முறை பார்க்க வேண்டும். பின்தங்கியிருப்பது 2 புள்ளி. ஒரு டிராப் கோலுக்கு (பந்தைத் தரையில் விட்டுக் கோல் கம்பத்துக்கு உதைப்பது) 3 புள்ளி. இருந்தும் மோதி மோதி முன்னேறப் பார்த்தார்கள். கடைசியில் வெகுதூரத்திலிருந்து உதைத்த ஒன்றும் தவறியது. கேப்டனைக் கிழித்தார்கள். ஆனால் நியூசிலாந்து ரக்பி வாரியம் பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றியை வைத்துக்கொண்டது, மெக்காவும் கேப்டனாகத் தொடர்ந்தார்.

அதற்கடுத்த உலகக் கோப்பைக்குத் தயாராகும்போது செரி எவன்ஸ் என்ற மனநல மருத்துவரோடு அந்த அணி வேலை செய்தது. நெருக்கடியில் புத்தி தடுமாறாமல் நிகழ்கணத்துக்குத் திரும்பப் பயிற்சி. மெக்காவின் முறை, காலால் தரையை ஓங்கி மிதிப்பது.

இப்போது 2011 அக்டோபர் 23, நியூசிலாந்தின் ஈடன் பார்க்கில் உலகக் கோப்பை இறுதிப்போட்டி. எதிரணி அதே பிரான்ஸ். மெக்காவின் பாதத்தில் எலும்பு முறிந்திருந்தது. அவருக்கே தெரியும், ஆனாலும் எக்ஸ்ரே எடுக்க மறுத்துவிட்டு ஆடினார். (அந்தக் காலை வைத்துக்கொண்டு தரையை எப்படி மிதித்தாரோ!) டேன் கார்ட்டர், ஸ்லேட், க்ரூடன் என்று மூன்று ஃப்ளை ஹாஃப்கள் (ஆட்டத்தை நடத்துகிற இடத்தில் ஆடுகிறவர்கள்) வரிசையாகக் காயப்பட்டு, கடைசியில் இறங்கியவர் ஸ்டீபன் டொனால்ட். அணிக்கு அழைப்பு வந்தபோது மீன் பிடித்துக்கொண்டிருந்த மனிதர். அவர் உதைத்த பெனால்டிதான் அன்று காப்பாற்றியது, 8-7. இதிலும் கடைசிப் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு 2007 குறிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் நோட்டில் முதல் ஆட்டத்துக்கு 'அவசரம்' என்று ஏழெட்டு இடத்தில் எழுதியிருந்தேன். இரண்டாவதில் அந்தச் சொல்லுக்கு வேலையே வரவில்லை.

2015 உலகக் கோப்பையில் இரண்டு ஆட்டம் போதும். அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவை வென்றது 20-18க்கு. எட்டு வருடத்துக்கு முன் தோற்ற அதே கணக்கு, திருப்பிப் போட்டது! இன்னொன்று வெம்ப்ளியில் அர்ஜென்டினாவோடு நடந்தது. ஓடுகிறவரைக் காலை நீட்டித் தடுக்கப் பார்த்து மஞ்சள் அட்டை வாங்கி, 10 நிமிடம் வெளியே உட்கார்ந்தார். இதை மறைத்தால் நீங்கள் எழுதுவது பாராட்டுப் பத்திரம் ஆகிவிடும்.

இளமைக் காலத்துக்கு நான்கு வரி தாண்டாதீர்கள். ஹகாடரமியா பள்ளத்தாக்குப் பண்ணையில் வளர்ந்தார். 2001இல் டப்ளினில் அயர்லாந்துக்கு எதிரான முதல் டெஸ்டிலேயே ஆட்ட நாயகன். தாத்தா இரண்டாம் உலகப் போரில் போர் விமானி. இந்தத் தாத்தாவை மட்டும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள், கடைசியில் தேவைப்படுவார். பேரன் விளையாடும் காலத்திலேயே கிளைடர் ஓட்டினார், ஓய்வுக்குப் பின் ஹெலிகாப்டர் விமானியானார். 2016 நவம்பரில் நியூசிலாந்தின் கைகோராவில் 7.8 அளவில் நிலநடுக்கம் வந்தபோது மீட்புக் குழுவினரை ஏற்றிக்கொண்டு பறந்தவர்களில் அவரும் ஒருவர்.

இவ்வளவும் செய்துவிட்டு என் பழைய கட்டுரையைத் திரும்ப எழுதினேன். யாரும் கேட்கவில்லை, பிரசுரமும் இல்லை. தம்பிக்கு மட்டும் அனுப்பினேன். "இப்ப ஆள் வந்துட்டார் அண்ணே. ஆனா மஞ்சள் அட்டையை ஏன் ஒரே வரியில முடிச்சிட்டீங்க?" என்று கேட்டான்.