பிசானம் அறுத்த வயலில் நடக்கும் தவறுகள்

மாசி, பங்குனியில் பிசானம் என்கிற மழைக்கால நெல்லை அறுத்து முடித்தால், ஜூனில் அடுத்த நெல் போகமான காருக்குத் தண்ணீர் விடும்வரை தாமிரபரணிப் பாசன வயல்கள் சும்மாதான் கிடக்கும். மண்ணின் கரிமத்தை நாம் அதிகம் தொலைப்பது இந்த இடைவெளியில்தான் என்பது என் கணிப்பு. மண் பரிசோதனைத் தாளில் அங்ககக் கரிமம், அதாவது மட்கிய தாவர, விலங்குக் கழிவிலிருந்து மண்ணில் சேரும் கரிமம், 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-ஐத் தாண்டினால் நல்ல அளவு. மண் ஈரம் பிடிப்பதும், போட்ட உரம் தங்குவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான்.

முதல் தவறு தீ வைப்பது. அறுவடை மிஷின் போனபின் நிற்கும் நெல் தாளைக் கொளுத்தினால் அதிலுள்ள கரிமமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) புகையாகப் போய்விடும். வைக்கோலைக் கட்டுக் கட்டி விற்பதைக் குறை சொல்ல மாட்டேன், மாடு இருக்கிறவர்களுக்கு அது வேண்டும். ஆனால் வைக்கோலும் போய், சாணியும் திரும்பி வராத வயல் வருஷா வருஷம் இளைக்கத்தான் செய்யும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பச்சைத் தாளைச் சேறாக்கிய தொழியில் மடக்கி, இரண்டே நாளில் நடுவது. தண்ணீருக்குள் காற்றில்லாமல் அழுகும்போது வரும் அமிலங்கள் இளம் வேரைத் தாக்கும். நுண்ணுயிர்கள் தாளை மட்க வைக்க மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். பயிர் மஞ்சளாக நிற்கும், உடனே யூரியா மூட்டையைப் பிரிப்போம். மீத்தேன் வாயுவும் கூடுதலாகக் கிளம்பும். நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, லேசான ஈரத்தில் மடக்கி உழுதுவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

அடுத்து ரொட்டவேட்டர், டிராக்டரில் சுழன்று மண்ணைப் பொடியாக்கும் கருவி. மண் மாவாக இருந்தால்தான் நல்ல உழவு என்று நினைக்கிறோம். ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் காற்றுப் புகுந்து, நுண்ணுயிர்கள் கரிமத்தை வேகமாகத் தின்று கரியமில வாயுவாக விடுகின்றன. நம் வெயிலில் இது இன்னும் வேகம். அதோடு செம்மண்ணில் மாவான மேல்மண் ஒரு மழைக்கே ஆடை கட்டி இறுகிவிடும், விதை முட்டிக்கொண்டு வர முடியாது. மானூர்ப் பக்கத்துக் கரிசலில் பிரச்சினை வேறு: ஈரம் மிஞ்சி உழுதால் கட்டி கட்டியாகக் காய்ந்துவிடும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். கீழே போட்டதும் உதிர்ந்தால் உழலாம். அப்படியே கிடந்தாலோ, கையில் ஒட்டினாலோ பொறுக்க வேண்டும்.

அடிமண் இறுக்கத்தில்தான் குழப்பம் அதிகம். நெல் வயலுக்குத் தண்ணீர் நிற்க அந்தக் கெட்டித் தட்டு தேவை. அதை உடைத்தால் வாய்க்கால் தண்ணீர் கட்டுப்படியாகாது. அதே வயலில் வாழை வைக்கும்போதுதான் அது வினையாகிறது. ஒரு உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பாருங்கள்: ஆணிவேர் அரைச் சாண் ஆழத்தில் மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தால் தட்டு அங்கே இருக்கிறது. தட்டை ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக்கலப்பை மானாவாரிக்கும் தோட்டத்துக்கும் சரி. அதுவும் மண் காய்ந்திருக்கும்போது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போதும்.

உளுந்துக்காக உழவே வேண்டாம் என்பதையும் மறந்துவிடுகிறோம். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு நிற்கும் நெல்லுக்குள் விதைத்தால் மிச்ச ஈரத்திலேயே வந்துவிடும். மிஷின் சக்கரம் கொஞ்சம் மிதிக்கும், என்ன செய்ய. உளுந்து வேண்டாமென்றால் பசுந்தாள் உரச் செடியான கொளிஞ்சி தூவலாம், வறட்சி தாங்கும். அதன் விதைத்தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்க்காமல் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று குறைப்பட்டுப் பயனில்லை.

சாணி, வெல்லம் எல்லாம் கரைத்துப் புளிக்கவைக்கும் ஜீவாமிர்தம் ஊற்றினாலே கரிமம் ஏறிவிடும் என்பது இப்போதைய நம்பிக்கை. ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் சுமார் 900 டன். கரிமம் 0.1 சதவீதம் உயர 900 கிலோ கரிமம் உள்ளே தங்க வேண்டும். பத்துக் கிலோ சாணியும் இரண்டு கிலோ வெல்லமும் எந்த மூலைக்கு? போடுகிற தொழுவுரத்திலும் வைக்கோலிலும்கூட முக்கால்வாசிக்கு மேல் மட்கும்போதே காற்றோடு போய்விடும். வருஷா வருஷம் டன் கணக்கில் போட்டால்தான் அசையும்.

உரத்துக்காக வயலில் ஆட்டு மந்தையை இரவு அடைக்கும் ஆட்டுக்கிடை அமர்த்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கிடை மாறியதும் அந்த இடத்தை லேசாக உழுது மூடிவிட வேண்டும். வாரக்கணக்கில் வெயிலில் விட்டால் மூத்திரத்திலுள்ள தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மந்தை மேய்க்கும் கீதாரிக்குக் கொடுத்த கூலிக்குக் காய்ந்த புழுக்கைதான் மிஞ்சும்.