பளபளக்கும் நாணயம் ப்ரூஃப்தானா? தொடக்க நிலை சேகரிப்பாளர்களுக்கு ஒரு செய்முறை

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய வீடுகளின் பூஜைப் பெட்டிகளில் விக்டோரியா ரூபாய்கள் இன்றும் இருக்கின்றன. திருநீறு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக மின்னும் அவற்றைச் சிலர் ‘ப்ரூஃப்’ என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் நீங்களே சோதித்துப் பாருங்கள்.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்கள் முதலில் பார்ப்பது நாணயம் எப்படி அச்சடிக்கப்பட்டது என்பதைத்தான். மதிப்பெண் அதற்குப் பிறகு. மெருகேற்றிய அச்சு, மெருகேற்றிய வில்லை (நாணயமாக அடிக்கப்படும் வெறும் உலோகத் தட்டு), ஒன்றுக்கு மேற்பட்ட அழுத்தம் என்று சேகரிப்பாளருக்காகத் தனியே அடித்தது ப்ரூஃப். புழக்கத்துக்கான முறையில் அடித்து, தேய்மானம் படாமல் தப்பியது மின்ட் ஸ்டேட்.

பழக ஏற்றது நம் ஊர் நாணயமே. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக, 2010 என்று பொறித்த 5 ரூபாய் நாணயம் ப்ரூஃப் தொகுப்பிலும் வந்தது, புழக்கத்திலும் வந்தது. இரண்டையும் அருகருகே வையுங்கள்.

விளிம்பை மட்டும் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுற்றுங்கள். மின்ட் ஸ்டேட் நாணயத்தில் ஒளி ஆரக்கால்களாகப் பிரிந்து வட்டமாக ஓடும். ப்ரூஃபில் உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றுப் பரப்போ கண்ணாடியாக இருக்கும். பக்கத்தில் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரியும். கோபுரம் மட்டும் பனி படர்ந்தாற்போல் வெளுத்து நிற்கும்.

கண்ணாடித்தன்மை ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. புதிதாக மெருகிட்ட அச்சில் அடித்த சாதாரண நாணயமும் அப்படி மின்னும். அதற்கு ‘ப்ரூஃப்லைக்’ என்ற குறிப்போடு மின்ட் ஸ்டேட் சான்றுதான் கிடைக்கும். ஆகவே பத்து மடங்கு லென்ஸில் விளிம்பையும் எழுத்துகளின் ஓரத்தையும் பாருங்கள். ப்ரூஃபில் அவை கூர்மையாக, செங்குத்தாக நிற்கும்.

மதிப்பெண் 1 முதல் 70 வரை. மின்ட் ஸ்டேட் 60இல் தொடங்கும். ராணியின் கன்னம், கூந்தல் போன்ற மேடான இடங்களில் லேசாகத் தேய்ந்திருந்தாலும் 58க்கு இறங்கிவிடும். ப்ரூஃப் தேய்ந்தாலும் ப்ரூஃப்தான். எண் மட்டும் 60க்குக் கீழே போகும்.

திருநீறு தேய்த்த ரூபாயை லென்ஸில் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் தெரியும். அதற்கு எண் தர மாட்டார்கள். ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று குறித்துத் திருப்பிவிடுவார்கள். எனவே புளி, திருநீறு, பற்பசை எதுவும் வேண்டாம். கறுத்த வெள்ளி கறுப்பாகவே இருக்கட்டும்!

உண்மையிலேயே ப்ரூஃபாகத் தெரியும் பிரிட்டிஷ் இந்திய நாணயம் கையில் கிடைத்தால், அது மறு அச்சா என்று கேளுங்கள். பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகள் பழைய ஆண்டு பொறித்த நாணயங்களைச் சேகரிப்பாளர்களுக்காகப் பிற்காலத்திலும் ப்ரூஃபாக அடித்தன. சான்றில் ‘மறு அச்சு’ என்று தனியே எழுதுவார்கள். அதன் விலை வேறு.

நூறாண்டு கடந்த நாணயத்தைச் சான்றுக்காக வெளிநாட்டுக்கு அனுப்பாதீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியார் அதை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது.