திமிங்கில வேட்டைக் கப்பல்களின் லாக்புக்கைப் படியெடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு, நான்டக்கெட் போன்ற துறைமுகங்களிலிருந்து திமிங்கில வேட்டைக்குக் கிளம்பிய கப்பல்கள் பல நேரம் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் ஊர் திரும்பும். அத்தனை நாளும் காற்று எந்தத் திசை, கப்பல் எங்கே, என்ன பிடிபட்டது என்று பெரும்பாலும் முதல் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) லாக்புக்கில், அதாவது கப்பலின் அன்றாடப் பதிவேட்டில், எழுதிவந்தார். சரக்குக் கப்பல்கள் பழகிய தடத்திலேயே போய்வரும். வேட்டைக் கப்பல்களோ திமிங்கிலம் இருக்கும் இடமெல்லாம் அலைந்தன. அதனால்தான் தென் இந்தியப் பெருங்கடலிலும் ஆர்க்டிக்கிலும் அன்று அடித்த காற்றைத் தெரிந்துகொள்ள இவற்றுக்கு இணையான ஆவணம் கிடைப்பது அரிது. வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் கரோலின் உம்மன்ஹோஃபரும் வரலாற்றாசிரியர் திமத்தி வாக்கரும் இந்தக் காற்றுக் குறிப்புகளைத் திரட்டித்தான் பழைய வானிலையை ஆராய்கிறார்கள்.

இத்தகைய பழைய கையெழுத்துப் பக்கங்களைக் கணினி எப்போதும் பிழையின்றி வாசிப்பதில்லை. அதனால் மனிதர்கள் வாசித்துத் தட்டச்சு செய்கிறார்கள்; அதுதான் படியெடுப்பது. 2010இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் பதிவேடுகளுடன் ஜூனிவர்ஸ் என்ற இணையத் தளத்தில் தொடங்கிய ‘ஓல்ட் வெதர்’ திட்டம் பின்னர் திமிங்கிலக் கப்பல்களுக்கும் விரிந்தது. அதில் படியெடுத்தவர்கள் தன்னார்வலர்கள். நீங்கள் சேரும் திட்டத்துக்குத் தனி விதிகள் இருந்தால் அவற்றையே பின்பற்றுங்கள். இங்கே சொல்வது எல்லாத் திட்டத்துக்கும் பொதுவான அடிப்படை.

படி 1: கப்பலை உறுதி செய்யுங்கள்

நியூ பெட்ஃபோர்டு திமிங்கில அருங்காட்சியகம், மிஸ்டிக் சீபோர்ட், பிராவிடன்ஸ் பொது நூலகத்தின் நிக்கல்சன் தொகுப்பு ஆகியவற்றின் பல லாக்புக்குகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் உள்ளன. ஒரே பெயரில் பல கப்பல்கள் இருந்திருக்கும். பெயரை மட்டும் நம்பாமல் கேப்டன், துறைமுகம், கிளம்பிய ஆண்டு மூன்றையும் அமெரிக்கத் திமிங்கிலப் பயணங்களின் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, அந்தப் பயணத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தட்டச்சுக்கு முன் பத்துப் பக்கம் படியுங்கள்

எழுதியவரின் கை பழக வேண்டும். ஒரு தாளில் அவருடைய எழுத்துகளை வரைந்து வையுங்கள், முக்கியமாக 1, 7, 4, 9 ஆகிய எண்களையும் திசை எழுத்துகளையும். தெளிவாக விளங்கும் கிழமை, மாதப் பெயர்களிலிருந்து தொடங்கினால் மற்ற எழுத்துகள் தானே பிடிபடும். இரட்டை ‘எஸ்’ வரும் சொற்களில் முதல் ‘எஸ்’ நீண்டு ‘எஃப்’ போலத் தெரியும். ‘டி’யும் ‘ஓ’வும் சேர்ந்த குறுக்கம் ‘மேற்படி’ என்பதைக் குறிக்கும். மேட்கள் காதில் விழுந்தபடி எழுதியவர்கள்; எழுத்துப்பிழை இருந்தால் பிழையோடுதான் படியெடுக்க வேண்டும்.

படி 3: தேதி

அதிகம் சறுக்குவது இங்கேதான். கடலில் இருக்கும்போது பல திமிங்கிலக் கப்பல்களில் நாள் தொடங்கியது நண்பகலில். சூரிய உதயத்தில் நாள் பிறக்கும் பஞ்சாங்கம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அந்த நாளை மூன்றாகப் பிரித்தார்கள்: ‘ஃபர்ஸ்ட் பார்ட்’ நண்பகல் முதல் இரவு 8 வரை, ‘மிடில் பார்ட்’ இரவு 8 முதல் அதிகாலை 4 வரை, ‘லாட்டர் பார்ட்’ அதிகாலை 4 முதல் நண்பகல் வரை.

‘1851 மே 5, திங்கள்’ என்று தலைப்பிட்ட ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஃபர்ஸ்ட் பார்ட் நம் கணக்கில் மே 4, ஞாயிறு பிற்பகல். லாட்டர் பார்ட்தான் மே 5 காலை. கீழே எழுதியிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை மே 5 நண்பகலுக்கு உரியவை. நீங்கள் தேதியை மாற்றவே கூடாது; பக்கத்தில் உள்ள தேதியையே எழுதி, எந்தப் பகுதி என்பதைத் தனிக் கட்டத்தில் குறியுங்கள். மாற்றுவது ஆய்வாளரின் வேலை. ஆளுக்கு ஒரு விதமாக மாற்றினால் ஒரே புயல் இரண்டு நாளில் அடித்ததாகிவிடும்.

எல்லாக் கப்பல்களும் இந்த முறையைக் கைக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் நிற்கும்போது நள்ளிரவுக் கணக்கு, கடலில் நண்பகல் கணக்கு என்று மாறுவதும் உண்டு. கிளம்பிய அன்று ‘இந்த நாளுக்கு 12 மணி நேரம்’ என்றோ, துறைமுகம் சேர்ந்த அன்று 36 மணி நேரம் என்றோ குறிப்பு இருந்தால் கணக்கு மாறியது அங்கேதான். அந்தக் குறிப்பைத் தவறாமல் படியெடுங்கள்.

படி 4: காற்று

‘லைட் ஏர்ஸ்’, ‘ஃப்ரெஷ் பிரீஸ்’, ‘ஸ்ட்ராங் கேல்’ என்று சொல்லால் இருப்பதைச் சொல்லாகவே எழுதுங்கள். காற்றின் பலத்தைக் குறிக்கும் போஃபர்ட் அளவின் 0 முதல் 12 வரையிலான எண்ணாக மாற்ற வேண்டாம். பாய்களைப் பற்றிய வரியையும் விடாதீர்கள். டாப்செயிலை (பாய்மரத்தின் மேலே உள்ள பாயை) இரண்டு மடிப்பாகச் சுருக்கிக் கட்டினார்கள் என்றால், காற்றைப் பற்றி வேறெதுவும் எழுதாத நாளிலும் அது பலமாக அடித்தது தெரிந்துவிடும்.

காற்றுத் திசை என்பது காற்று வரும் திசை. ‘ஸ்டீரிங்’ என்று வருவது கப்பல் போகும் திசை. இரண்டையும் கலக்கக் கூடாது. சரிபார்க்க நல்ல வழி ஒன்று: குறுக்குப் பாய் கட்டிய கப்பல், காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ திசைகாட்டியின் 6 பாயின்ட், அதாவது 67.5 டிகிரிக்கு மேல் நெருங்கிப் போகாது. காற்றும் வடமேற்கு, கப்பல் போவதும் வடமேற்கு என்று நீங்கள் வாசித்திருந்தால் ஒன்று தவறு. பெரும்பாலும் ‘டபிள்யூ’, ‘என்’, ‘இ’ எழுத்துகளில்தான் தடுமாறியிருப்பீர்கள். மறுபடி பாருங்கள், பக்கத்தில் அப்படியேதான் இருக்கிறது என்றால் அப்படியே விடுங்கள்.

பனிக்கட்டியைப் பற்றிய சொல் எதுவானாலும் எழுதுங்கள். ‘சுப்பீரியர்’ கப்பல் 1848இல் பெரிங் நீரிணையைக் கடந்து ஆர்க்டிக்கில் வேட்டையாடிய பின் அங்கே கப்பல்கள் குவிந்தன. 1871இல் அலாஸ்கா கரையோரம் பனியில் சிக்கிய 33 கப்பல்களைக் கைவிட நேர்ந்தது. ‘பனி கண்ணில் படவில்லை’ என்ற வரிக்கும் அதே மதிப்பு உண்டு.

படி 5: இடம்

டிகிரி, மினிட், திசை மூன்றுக்கும் மூன்று கட்டம். மினிட் 59ஐத் தாண்டாது. 71 என்று வாசித்தால் முதல் எண்ணை மறுபடி பாருங்கள். ஒரு டிகிரி அட்சரேகை 60 கடல் மைல். முந்தைய நாளைவிட அட்சரேகை 3 டிகிரிக்கு மேல் நகர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பெரிங் கடலில் கப்பல் 180 டிகிரிக் கோட்டை அடிக்கடி தாண்டும், அதனால் கிழக்கா மேற்கா என்பதை முந்தைய பக்கத்திலிருந்து ஊகித்து நிரப்பக் கூடாது. வானத்தை அளந்து கண்ட இடமா, ஓடிய தூரத்தை வைத்துக் கணக்கிட்டதா என்ற குறிப்பு இருந்தால் அதையும் சேருங்கள்.

படி 6: திமிங்கில முத்திரைகள்

ஓரத்தில் மை முத்திரை இருக்கும். பொதுவாக முழுத் திமிங்கிலம் என்றால் பிடிபட்டது. அதன் வயிற்றில் விட்ட வெள்ளை இடத்தில் எழுதியிருப்பது எத்தனை பீப்பாய் எண்ணெய் என்ற எண்; ஒரு பீப்பாய் 31.5 காலன். வால் மட்டும் இருந்தால் கண்டும் தப்பியது. கப்பலுக்குக் கப்பல் வழக்கம் மாறும், ஆகவே முதல் சில முத்திரைகளைப் பக்கத்து வரிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

புதியவர்கள் சிக்கும் இடம் ஒன்று உண்டு. ‘ஸ்போக்’ அல்லது ‘கேம்’ என்று வந்தால் வேறொரு கப்பலைச் சந்தித்தார்கள் என்று பொருள். அதையடுத்து ‘18 மாதம், 600 பீப்பாய்’ என்று வருவது அந்தக் கப்பலின் கணக்கு. அதை இந்தக் கப்பலின் வேட்டையில் சேர்க்காதீர்கள்.

படி 7: தெரியாததைத் தெரியாது என்று குறியுங்கள்

பல திட்டங்களில் ஒரே பக்கத்தை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் படியெடுத்து ஒப்பிடுவார்கள். நீங்கள் ஊகித்து எழுதிய நேர்த்தியான ஓர் எண் அந்த ஒப்பீட்டையே கெடுக்கும். ‘தெளிவில்லை’ என்ற குறி யாரையும் ஏமாற்றாது. நோய், சாவு, சவுக்கடி, தீவுவாசிகளைப் பற்றிய இழிசொற்கள் எல்லாம் வரும். எதையும் மென்மையாக்காமல் எழுதுங்கள்.

எக்செலில் செய்பவர்களுக்கு

எல்லாப் பத்திகளையும் முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். எக்செல் 1900க்கு முந்தைய தேதிகளைத் தேதியாகக் கொள்ளாது; ஆண்டை 51 என்று இரண்டு இலக்கத்தில் அடித்தால் 1951 ஆக்கிவிடும். அரைப் பீப்பாயை 1/2 என்று அடித்தாலும் அதைத் தேதியாக மாற்றிவிடும். ஒரு வரிசைக்கு ஒரு நாள்பகுதி, கடைசிப் பத்தியில் படத்தின் எண். சந்தேகம் வரும்போது மூலப் பக்கத்தைத் தேடி எடுக்க அந்த எண் கட்டாயம் வேண்டும்.