ஆட்கள் குடியிருக்கும் வீட்டை வாங்கினால்

வீட்டின் உறுதி (உரிமைப் பத்திரம்) உங்கள் பெயருக்கு மாறிவிட்டாலும் வாடகைக்கு இருப்பவரின் உரிமை போய்விடாது. இலங்கையில் இதற்குப் பொருந்தும் ரோமன் டச்சுச் சட்டப்படி, விற்றவர் நின்ற இடத்தில் இனி நீங்கள் நிற்கிறீர்கள்.

1. இருப்பவர் யார்?
வாடகைக்காரரா, ஒற்றிக்காரரா, வீட்டைப் பார்த்துக்கொள்ள இருத்தப்பட்டவரா? ஒற்றி என்றால் மாத வாடகை வராது. கொடுத்த காசின் வட்டிக்குப் பதிலாக வீட்டை ஆள்கிறார். ஒற்றிப் பணத்தைக் கட்டாமல் வீடு கைக்கு வராது. காணிப் பதிவகத்தில் பதிவு பார்த்துவிடுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு (உறுதி எழுதும் அதிகாரம் உள்ளவர்) எழுதவேண்டும் என்பது 1840 முதல் உள்ள சட்டம். அதற்காக, நொத்தாரிசு எழுதாத குத்தகையைக் காட்டி, "வெறும் கடுதாசிதானே, எழுப்பிவிடலாம்" (வெளியேற்றிவிடலாம்) என்று தரகர் சொன்னால் நம்பவேண்டாம். வாடகை வாங்கிவந்திருந்தால் அது மாத வாடகையாக நிற்கும்.

2. முற்பணம்
அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். விற்பவர் கனடாவில் இருப்பார். அற்றோணித் தத்துவம் (அவருக்காகக் கையெழுத்திடும் அதிகாரம்) வைத்திருப்பவர் கையெழுத்திட்டுப் போய்விடுவார். வாடகை 25,000, முற்பணம் ஆறு மாதம் என்றால் 150,000 ரூபா. வீட்டை விடும் நாளில் அதை உங்களிடம்தான் கேட்பார்கள். ஆகவே விலையிலேயே கழியுங்கள். தொகையை விற்பவரிடம் மட்டும் கேட்காமல் குடியிருப்பவரிடம் ரசீதையும் வாங்கிப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால், மூன்று தரப்பும் ஒரே தாளில் தொகையை எழுதிக் கையெழுத்திடும்வரை மீதிக் காசைக் கொடுக்கவேண்டாம்.

3. கடிதம்
"இன்ன திகதியிலிருந்து வாடகையை இவரிடம் கட்டவும்" என்று விற்பவர் தரப்பின் கையெழுத்தோடு ஒரு கடிதம். பதிவுத் தபாலில் ஒன்று, கையில் ஒன்று. கையில் கொடுத்ததன் பிரதியில் ஒப்பம். வைபர் செய்தி போதாது. நேரில் போய், "அக்கா, வீடு கைமாறிவிட்டது, பயப்படாதேங்கோ" என்று சொல்லிவிட்டுக் கொடுத்தால் பாதி முறுகல் வராது. வாடகையை வங்கியில் போடச் சொல்வதே நல்லது. கையில் வாங்கினால் கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம்.

4. மீற்றரும் மோட்டரும்
மின்மானி வாசிப்பைப் படமெடுங்கள், நிலுவையைப் பாருங்கள். கிணறு பங்குக் கிணறா, தண்ணீர் மோட்டர் யாருடையது என்று கேட்டு எழுதுங்கள்.

5. எழுப்புவதானால்
பூட்டை மாற்றவோ கரண்டை வெட்டவோ கூடாது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் முறையிட்டால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதல்நிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அவரைத் திரும்ப இருத்தலாம். வாடகைக்காரரைப் பாதுகாக்கும் 1972 வாடகைச் சட்டம் அந்த வீட்டுக்குப் பொருந்துமா என்று சட்டத்தரணியிடம் கேட்டபிறகே அறிவித்தல் அனுப்புங்கள்.

பின்னர் சேர்த்தது: வீடு வெறுமையாக வேண்டுமென்றால் அதை விற்பனை உடன்படிக்கையிலேயே எழுதி, திறப்பு கைக்கு வரும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்திவையுங்கள்.